கலக்கும் முன் பிரிப்போம்: பட்டான்செருவின் அனுபவம்

ஹைதராபாத்திலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் தொலைவில் பட்டான்செரு இருக்கிறது. இன்று தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் பெயரிலேயே ஓர் ஏரி உண்டு. தெலுங்கில் 'செருவு' என்றால் ஏரி. கல்யாணிச் சாளுக்கியரின் தலைநகர்களுள் ஒன்றாக விளங்கிய பொட்டலகெரெ இவ்வூரே என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து. அந்தப் பழம்பெயரின் 'கெரெ'யும் கன்னடத்தில் ஏரியையே குறிக்கும். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நீரின் பெயரால் அறியப்பட்ட ஊர், சென்ற நூற்றாண்டு முடிவதற்குள் நீர் கெட்டுப்போன ஊர் என்று நீதிமன்ற ஆவணங்களில் இடம்பெற்றுவிட்டது.

கழிவைக் குறைத்தல், மீண்டும் பயன்படுத்துதல், மறுசுழற்சி செய்தல் ஆகிய மூன்று சொற்களையும் நாம் அடிக்கடி கேட்கிறோம். பள்ளிச் சுவர்களிலும் நகராட்சி வண்டிகளிலும் அவை எழுதப்பட்டிருக்கின்றன. குப்பைத்தொட்டியின் அருகே நின்று பார்க்கையில் எளியனவாகத் தோன்றும் அந்தச் சொற்கள், ஒரு தொழில் நகரத்தின் நடுவே நின்று பார்க்கும்போது வேறு பொருள் கொள்கின்றன. அந்தப் பொருளை விளக்குவதற்குப் பட்டான்செருவைவிடப் பொருத்தமான ஊர் நம் நாட்டில் அதிகம் இல்லை.

மருந்து வந்த வழி

1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்தின் செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை உண்டு, மருந்துப் பொருளுக்கு இல்லை என்று வகுத்தது. வெளிநாட்டு நிறுவனம் கண்டுபிடித்த மருந்தை வேறொரு செய்முறையில் இங்கே தயாரிக்க அது வழி திறந்தது. ஹைதராபாத்தில் பொதுத்துறை நிறுவனமான ஐ.டி.பி.எல். ஏற்கெனவே ஒரு மருந்துத் தொழிற்சாலையை நடத்திவந்தது. அங்கே தொழில் கற்ற வேதியியலாளர்கள் சிலர் வெளியே வந்து சொந்த நிறுவனங்களைத் தொடங்கினர். பட்டான்செருவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 1970களிலிருந்து தொழிற்பேட்டைகள் எழுந்தன. மாத்திரையாக வடிவம் பெறுவதற்கு முந்தைய மூல மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைகள் அங்கே பெருகின. நம் நாட்டில் மருந்து மலிவாகக் கிடைப்பதற்கும், உலகின் பல ஏழை நாடுகளுக்கு நம் மருந்து சென்றடைவதற்கும் இந்த வட்டாரம் செய்த பங்களிப்பு சிறியதன்று. பின்னால் சொல்லப்போகும் செய்திகளைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்திருத்தல் நியாயம்.

ஆலைகள் வந்தபோது அவற்றின் கழிவுநீருக்கு வழி காணப்படவில்லை. நக்கவாகு என்னும் ஓடை இப்பகுதியின் நீரைச் சேர்த்துக்கொண்டு மஞ்சிரா ஆற்றில் கலக்கிறது. 'நக்க' என்றால் நரி, 'வாகு' என்றால் ஓடை. ஆலைக் கழிவு அந்த ஓடையில் விடப்பட்டது, ஏரிகளிலும் தேங்கியது. ஓடைக்கரை உழவர்களின் பயிர் கருகியது, கிணறுகள் கெட்டன. பட்டான்செருவில் மருத்துவராக இருந்த அல்லானி கிஷன் ராவ், தம்மிடம் வந்த நோயாளிகளைக் கண்டு இதைப் பொதுப் பிரச்சினையாக எழுப்பியவர்களுள் முக்கியமானவர். 1990இல் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பாதிக்கப்பட்ட உழவர்களுக்கு இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு உயர் நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கும் மாற்றப்பட்ட அந்த வழக்கில் 2017இல் தீர்ப்பு வந்தது. வழக்கு தொடுக்கப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது இருபத்தேழு.

ஒரே தொட்டியில் தொண்ணூறு ஆலைகள்

இடைக்காலத்தில் ஒரு தீர்வு முயலப்பட்டது. சிறிய ஆலைகளால் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் அமைக்க இயலாது. ஆகவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு நிலையம் அமைப்பது என்று முடிவாயிற்று. பட்டான்செரு என்விரோ டெக் என்ற பெயரில் அந்தப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் 1994இல் இயங்கத் தொடங்கியது. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவுநீர் டேங்கர் லாரிகளில் வந்து அங்கே ஒன்றாகச் சேர்ந்தது.

எண்ணம் நல்லது, செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் சரியானது. பிழை வேறிடத்தில் இருந்தது. இத்தகைய நிலையங்களில் உண்மையான உழைப்பாளிகள் பாக்டீரியாக்களே. கழிவுநீரிலுள்ள கரிமப் பொருள்களை அவை தின்று செரித்து நீரைத் தெளியவைக்கின்றன. நம் ஊர்க் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் அவ்வாறே இயங்குகின்றன. ஆனால் மருந்து ஆலைகளின் கழிவில் வருவது பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே தயாரிக்கப்பட்ட பொருள். அந்தக் கடினமான கழிவில் நுண்ணுயிர்கள் தழைக்க வேண்டும் என்பதற்காக வீட்டுக் கழிவுநீரும் சேர்க்கப்பட்டது. அதாவது, மனிதக் குடலிலிருந்து வந்த கிருமிகளும் அவற்றைக் கொல்லும் மருந்தும் நாள்தோறும் ஒரே தொட்டியில் கலந்து நின்றன.

அதன் விளைவு 2007இல் உலகுக்குத் தெரிந்தது. சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவாகிம் லார்சனும் அவருடைய குழுவினரும் அந்நிலையத்திலிருந்து சுத்திகரித்து வெளியேற்றப்பட்ட நீரைச் சோதித்தனர். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று முதலியவற்றுக்கு நாம் உட்கொள்ளும் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, ஒரு லிட்டர் நீரில் 28 முதல் 31 மில்லிகிராம் வரை இருந்தது. மருந்து உண்ட நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் உச்ச அளவைவிட இது அதிகம். சாதாரண மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அப்படியானால் பதினாறு லிட்டர் கொண்ட ஒரு வாளி நீரில் ஏறக்குறைய ஒரு முழு மாத்திரை கரைந்திருந்தது என்று பொருள். அந்நிலையத்திலிருந்து ஒரு நாளில் வெளியேறிய சிப்ரோஃப்ளாக்சசினை ஆய்வாளர்கள் சுமார் 45 கிலோ என மதிப்பிட்டனர். மாத்திரைக் கணக்கில் தொண்ணூறாயிரம். அப்போது சுமார் 90 லட்சம் மக்கள்தொகை கொண்டிருந்த சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாட்களில் உட்கொள்ளும் அளவு அது.

இந்தச் செய்தியை இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒன்று, நோய் பற்றிய கவலை. மருந்து கலந்த நீரில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் மடிகின்றன. தாக்குப்பிடிக்கும் சில மட்டும் பெருகுகின்றன. தாக்குப்பிடிக்கும் திறனுக்குரிய மரபணுவைப் பிற இனப் பாக்டீரியாக்களுக்கும் அவை கடத்துகின்றன. அத்தகைய மரபணுக்கள் அப்பகுதி ஆற்று வண்டலில் மிகுந்திருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. கிணற்று நீரிலும் ஏரிகளிலும் மருந்து இருந்ததை 2009இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. இத்தகைய கிருமிகளுக்கு ஊர் எல்லை கிடையாது. நாளை சென்னையிலோ மதுரையிலோ ஒருவருக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை பலிக்காமல் போவதற்கு, எங்கோ ஓர் ஓடையில் நடந்தது காரணமாக இருக்கக்கூடும்.

மற்றொன்று, வங்கியின் வாடிக்கையாளர்களாகிய நமக்கு எளிதில் விளங்கும் கணக்கு. மூலப்பொருள் வாங்கி, எரிபொருள் செலவிட்டு, கூலி கொடுத்து, கடனுக்கு வட்டியும் கட்டித் தயாரித்த மருந்தில் 45 கிலோ தினந்தோறும் சாக்கடையில் போய்க்கொண்டிருந்தது. ஆலைக்குள் அது விற்பனைச் சரக்கு. தொண்ணூறு ஆலைகளின் நீரோடு கலந்த பிறகு யாராலும் மீட்க முடியாத நஞ்சு. கலந்ததொன்றே இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு.

பின்னர் சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதிக்கப்பட்டது. பட்டான்செருவில் சுத்திகரிக்கப்பட்ட நீர் ஓடைக்குப் போகாமல் ஹைதராபாத் நகரின் கழிவுநீர்க் குழாய்களோடு சேர்ந்து, மூசி ஆற்றங்கரையிலுள்ள அம்பர்பேட்டை சுத்திகரிப்பு நிலையத்தை அடைந்தது. நக்கவாகுக் கரையில் இருந்தவர்களுக்கு அது ஓரளவு நிம்மதி தந்திருக்கும். எனினும் நகரின் பெருவெள்ளத்தில் கழிவைக் கரைத்து அளவைக் குறைத்துக் காட்டுவது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்குவதைப் போன்றது. கணக்குப் புத்தகத்தில் பெயர் மாறும்; தொகை மாறாது.

மூன்று சொற்கள், ஆலைக்குள்

கழிவு உருவாகும் இடத்துக்கே சென்று பார்ப்போம். ராஜர் ஷெல்டன் என்னும் வேதியியலாளர் 1992இல் எளிய அளவுகோல் ஒன்றைத் தந்தார். ஒரு கிலோ பொருளைத் தயாரிக்கும்போது எத்தனை கிலோ கழிவு உண்டாகிறது என்பதே அந்த அளவுகோல். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் அது 100 கிராம் அளவில் இருக்கிறது. மருந்துத் தொழிலில் 25 கிலோ முதல் 100 கிலோ வரையிலும் அதற்கு மேலும் செல்கிறது. மக்களின் கண்ணுக்குப் புகை கக்கும் பெரிய ஆலைகளே அழுக்கானவை. வெள்ளை அங்கி அணிந்தவர்கள் உலவும் மருந்து ஆலை தூய்மையானது. கணக்கு நேர்மாறாக இருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. மருந்து மூலக்கூறு சிக்கலானது. அதைப் பல படிகளில் கட்டியெழுப்ப வேண்டும். ஒவ்வொரு படியிலும் பொருளைக் கரைக்கவும், கழுவவும், மீண்டும் படிகமாக்கவும் திரவங்கள் தேவை. ஆகவே 'குறைத்தல்' என்பது இங்கே படிகளைக் குறைப்பதில் தொடங்குகிறது. வலிநிவாரணியான ஐபுப்ரோஃபென் இதற்கு நல்ல சான்று. இங்கிலாந்தின் பூட்ஸ் நிறுவனம் 1960களில் வகுத்த செய்முறையில் ஆறு படிகள். உள்ளே செல்லும் அணுக்களின் எடையில் 40 விழுக்காடே மருந்தாக வெளிவந்தது, மீதி கழிவு. புதிய வினையூக்கிகளைக் கொண்டு மூன்றே படிகளில் தயாரிக்கும் முறை பின்னர் கண்டுபிடிக்கப்பட்டு, 1992இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அதற்கான ஆலை இயங்கத் தொடங்கியது. அதில் 77 விழுக்காடு மருந்தாகிறது. அதே மாத்திரை, அதே குணம். பிறக்காத கழிவைச் சுத்திகரிக்க யாரும் செலவழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது மறுபயன்பாடு. மருந்து ஆலையில் கையாளப்படும் பொருள்களில் பெரும்பங்கு டொலுவீன், மெத்தனால், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போன்ற கரைப்பான்கள். இவை மருந்தின் பகுதியாக மாறுவதில்லை. வேலை முடிந்ததும் அப்படியே வெளியே வருகின்றன. காய்ச்சி வடித்தால் மீண்டும் பயன்படும். அசிட்டோன் 56 பாகையிலும், மெத்தனால் 65 பாகையிலும், டொலுவீன் 111 பாகையிலும் கொதிக்கின்றன என்பதால் கொதிநிலையைக் கொண்டு பிரிக்கலாம்.

கலப்பதன் விலை இங்கேதான் தெரிகிறது. மெத்தனாலைத் தனி டிரம்மிலும் அசிட்டோனைத் தனி டிரம்மிலும் சேர்த்து வைத்தால் இரண்டையும் எளிதில் மீட்கலாம். இடம் இல்லை என்றோ, ஆள் இல்லை என்றோ ஒரே டிரம்மில் ஊற்றிவிட்டால், இரண்டும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கைகோத்துக்கொண்டு ஒரே வெப்பநிலையில் ஒன்றாகவே கொதித்தெழும். சாதாரண வடிகலனால் அதன்பின் அவற்றை முழுதாகப் பிரிக்க இயலாது. அதற்குப் பெரும் செலவில் வேறு முறைகள் வேண்டும். இல்லையேல் அவற்றை எரிக்க வேண்டியதுதான். தொழிலாளி ஒருவர் ஒரு டிரம்மைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நொடியில் சரக்கு கழிவாகிறது.

மீட்பு விகிதத்தின் கணக்கையும் கவனிக்க வேண்டும். ஓர் ஆலை ஒவ்வொரு சுற்றிலும் ஆயிரம் லிட்டர் டொலுவீன் பயன்படுத்துவதாகக் கொள்வோம். 80 விழுக்காட்டை மீட்டால் புதிதாக 200 லிட்டர் வாங்க வேண்டும். 200 லிட்டர் கழிவு. மீட்பு 90 விழுக்காடானால் 100 லிட்டர். பத்து விழுக்காடு முன்னேற்றம் என்று ஏட்டில் தோன்றுவது, கொள்முதலையும் கழிவையும் ஒரே அடியில் பாதியாக்கிவிடுகிறது. 95 விழுக்காட்டுக்கு உயர்த்தினால் மீண்டும் பாதி. வடிகலனுக்கு நிதி கேட்டு வரும் சிறு தொழில்முனைவரின் திட்ட அறிக்கையில் இந்த வரி இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன்.

மூன்றாவது, நீரின் மறுசுழற்சி. உப்பு மிகுந்த கழிவுநீரையும் உப்புக் குறைந்த கழிவுநீரையும் ஆலைக்குள்ளேயே வேறு வேறு குழாய்களில் பிரித்துவிடுவது இதன் முதற்படி. உப்பு மிகுந்த நீரிலிருந்து கரைப்பான்களை ஆவியாக்கி எடுத்தபின், அடுக்கடுக்கான கொதிகலன்களில் நீரை ஆவியாக்குகிறார்கள். குளிர்ந்து திரும்பும் நீர், உயிரியல் முறையிலும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையிலும் தூய்மை பெற்றுக் குளிர்விப்புக் கோபுரங்களுக்குச் செல்கிறது. ஒரு சொட்டும் வெளியே விடாத இந்த ஏற்பாட்டை, அக்கம்பக்கத்தின் பெரிய மருந்து நிறுவனங்கள் பல அமைத்துவிட்டன. ஆயினும் இறுதியில் உப்பு எஞ்சுகிறது. பல வேதிப்பொருள்கள் கலந்த அந்த உப்பு எதற்கும் உதவாது. பாதுகாப்பாகப் புதைக்கும் இடத்துக்குப் போகிறது. வட்டம் முழுமையடையாமல் நிற்கும் இடம் அது.

திருப்பூரில் நடந்தது

தமிழ் வாசகர்களுக்கு இது முற்றிலும் அயலான கதை அன்று. திருப்பூரின் சாயப்பட்டறைகள் நொய்யலை என்ன செய்தன என்பதை நாம் அறிவோம். பாசனத்துக்கென்று கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அணையைத் திறக்க வேண்டாம் என்று கீழ்ப்பகுதி உழவர்கள் வேண்டிக்கொண்ட விந்தை அங்கே நடந்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. அது நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. பின்னலாடைத் தொழில் ஒரே இரவில் தடுமாறியது. மாநில அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக வழங்கியது. சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன. பட்டறைகள் மீண்டும் திறந்தன.

அங்கேயும் பல பட்டறைகளின் கழிவு ஒரு நிலையத்தில்தான் சேர்கிறது. எனினும் பட்டான்செருவில் முடியாதது திருப்பூரில் பெருமளவு முடிந்தது. ஏனெனில் எல்லாப் பட்டறைகளும் செய்யும் வேலை ஒன்றே. துணியில் சாயம் ஏற, சாயத் தொட்டியில் உப்பு வேண்டும். சாயமேற்றியபின் உப்பு முழுவதும் நீரிலேயே தங்கிவிடுகிறது. நீரைப் பிரித்தெடுத்தபின் கிடைக்கும் உப்புக்கரைசல் அதே பட்டறைக்குத் திரும்பிச் சென்று அடுத்த துணிக்குப் பயன்படுகிறது. ஒருவரின் கழிவு மற்றவரின் கழிவைப் போன்றே இருந்ததால் கலந்தும் கெடவில்லை. பயனற்ற கலப்பு உப்பு அங்கேயும் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நீரும் உப்பின் பெரும்பகுதியும் திரும்பிவிட்டன.

இதே விதியை ஹைதராபாத்தில் வேறு இரண்டு இடங்களிலும் காணலாம். போயன்பள்ளி காய்கறிச் சந்தையில் நாள்தோறும் சுமார் பத்து டன் காய்கறிக் கழிவு சேர்கிறது. இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு அமைக்கப்பட்ட சாண எரிவாயு போன்ற கலன், அதிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 500 யூனிட் மின்சாரம் தருகிறது. சந்தையின் விளக்குகள் அழுகிய தக்காளியில் எரிகின்றன. 2021 ஜனவரியில் பிரதமர் தம் வானொலி உரையில் இதைக் குறிப்பிட்ட பிறகு பலரும் சென்று பார்த்தனர். அங்கே வெற்றி கிடைத்ததற்குப் பொறியியல் திறன் மட்டுமே காரணமன்று. காய்கறிச் சந்தையில் காய்கறிக் கழிவு மட்டுமே சேரும். பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் மிகக் குறைவு. அதே நகரின் ஜவஹர்நகர் குப்பைமேட்டிலோ எல்லாம் கலந்தே வந்து குவிந்தன. அதன்மீது மூடி போடவும், கசியும் நீரைச் சுத்திகரிக்கவும், எரித்து மின்சாரம் எடுக்கவும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் போயன்பள்ளியின் கலன் விளையாட்டுப் பொருள்.

இரண்டாவது சான்று பட்டான்செருவிலேயே இருக்கிறது. வறண்ட நிலப் பயிர்களை ஆராயும் பன்னாட்டு நிறுவனமான இக்ரிசாட் 1972 முதல் இங்கேதான் செயல்படுகிறது. தன் வளாகக் குடியிருப்புகளின் கழிவுநீரை, கல்வாழையும் சம்பும் வளர்ந்த செயற்கைச் சதுப்புப் படுகைகளின் வழியே மெதுவாக ஓடவிட்டு, தெளிந்த நீரை வயலுக்குப் பாய்ச்சும் முறையை அது ஆய்ந்து வந்திருக்கிறது. மின்சாரம் அதிகம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். வீட்டுக் கழிவுநீர் வீட்டுக் கழிவுநீராகவே வந்து சேர்ந்தால் போதும். வேரும் மணலும் பாக்டீரியாவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். நெடுஞ்சாலையின் அதே வட்டாரத்தில், ஒரு பக்கம் வீட்டுக் கழிவுநீரை மருந்தோடு கலந்த தொட்டியும், மறுபக்கம் அதைத் தனியே வைத்து நெல்லுக்கும் காய்கறிக்கும் அனுப்பத்தக்கதாக்கும் படுகையும்!

சட்டமும் சேமிப்பும்

அபாயகரக் கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டின் விதிகள் வரிசை ஒன்றை வகுத்தன. முதலில் தவிர்த்தல், பின்பு குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி, ஆற்றல் உள்ளிட்டவற்றை மீட்டல், சிமெண்ட் சூளை போன்றவற்றில் பயன்படுத்துதல். புதைத்தலும் எரித்தலும் கடைசியில். வரிசை சரியாகவே இருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மட்டும் இன்னும் இடைவெளியில் நிற்கிறது. ஆலைக் கழிவுநீரில் எந்த நுண்ணுயிர்க்கொல்லி எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு விதிக்கும் வரைவை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் இறுதி விதிகள் வந்தபோது அந்த வரம்புகள் அவற்றில் இடம்பெறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2024 செப்டம்பரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அளக்கப்படாத பொருளைக் குறைக்கும்படி எந்த அதிகாரியும் கேட்க முடியாது. எந்த வங்கியும் கேட்க முடியாது.

வங்கி என்றதும் நினைவுக்கு வருவது, 2023 ஏப்ரலில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட பசுமை வைப்புத்தொகைக்கான நெறிமுறை. அவ்வாண்டு ஜூன் முதல் நாளிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. ஒரு வங்கி பசுமை வைப்பு என்ற பெயரில் தொகை பெற்றால், அதை எந்தெந்தத் துறைகளுக்குக் கடனாகத் தரலாம் என்று அது பட்டியலிடுகிறது. நீர் மற்றும் கழிவு மேலாண்மையும் மாசுத் தடுப்பும் பட்டியலில் உள்ளன. நான் வியந்தது விலக்குப் பட்டியலைப் படித்தபோது. குப்பையைப் புதைக்கும் திட்டங்களுக்கும், கழிவை நேரடியாக எரிக்கும் திட்டங்களுக்கும் அந்தத் தொகையைத் தரக்கூடாது. நிதி எங்கே சென்றது என்பதை ஆண்டுதோறும் வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்பதும் நெறிமுறையில் உண்டு. மற்ற வைப்புகளைப் போலவே இதற்கும் விதிகளுக்குட்பட்ட வைப்புக் காப்பீடு பொருந்தும். எல்லா வங்கிகளும் இத்திட்டத்தை வழங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் கிளையில் கேட்டுப் பாருங்கள். இருந்தால், சரிபார்ப்பு அறிக்கையையும் கேளுங்கள்.

நம் வீட்டு மருந்துப் பெட்டி

இக்கட்டுரையை எழுதும் நாளில் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தேன். காலாவதியான மாத்திரை அட்டைகள் ஏழு இருந்தன. அவற்றுள் ஒன்று சிப்ரோஃப்ளாக்சசின். ஐந்து நாள் மருந்தில் மூன்று நாள் உண்டபின் காய்ச்சல் விட்டதால் மறந்துபோனது. பட்டான்செருவின் மேல் வழக்குத் தொடுக்க எனக்கு என்ன தகுதி என்று ஒரு கணம் தோன்றியது.

இந்த அட்டைகளைக் கழிப்பறையில் கொட்டினால் நம் ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பாக்டீரியாக்களுக்கு மருந்து ஊட்டுகிறோம். காய்கறித் தோலோடு போட்டால் உரமாகும் குப்பையைக் கெடுக்கிறோம். திடக்கழிவு மேலாண்மைக்கான 2016ஆம் ஆண்டு விதிகளே காலாவதியான மருந்துகளை வீட்டு அபாயகரக் கழிவு என்று வகைப்படுத்தி, ஈரக் குப்பையோடும் உலர் குப்பையோடும் சேர்க்காமல் தனியே தரவேண்டும் என்று கூறின. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பிறர் கையில் சிக்கினால் ஒரே வேளையில் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய வலிநிவாரணிகள் உள்ளிட்ட 17 மருந்துகளை மட்டுமே கழிப்பறையில் கொட்டி அகற்றலாம். நுண்ணுயிர்க்கொல்லிகள் அதில் சேரா. கேரளத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதே ஆண்டில் கோழிக்கோட்டில், பயன்படாத மருந்துகளை வீடுகளிலிருந்து திரட்டும் திட்டத்தைத் தொடங்கியது. உங்கள் பகுதியில் அத்தகைய ஏற்பாடு இல்லையெனில், மாத்திரைகளை ஓர் உறையிலிட்டு ஒட்டி, 'காலாவதியான மருந்து' என்று மேலே எழுதி, தூய்மைப் பணியாளரிடம் தனியே கொடுக்கலாம். அவர் அதை எங்கே கொண்டு செல்கிறார் என்று கேட்கவும் செய்யலாம். பதில் கிடைக்காவிட்டால், அந்தக் கேள்வியை வார்டு உறுப்பினரிடமும் நகராட்சி அலுவலகத்திலும் எழுப்புங்கள்.

என் அலமாரியிலிருந்த ஏழு அட்டைகளும் இப்போது ஒரு பழுப்பு உறையில் இருக்கின்றன. எங்கள் தெருவுக்கு வண்டி செவ்வாய்க்கிழமை வரும்.